இரும்புக்குப் போர்த்திய தோல்

தலவாக்கலையைத் தாண்டி வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல என்று மலையேறிச் செல்லும் புகையிரதத்தின் யன்னலோரம் அமர்ந்திருப்பவர் கண்ணில் இருவகைக் கூரைகள் மாறிமாறிப் படும். ஒன்று தேயிலைத் தொழிற்சாலையின் கூரை. பல மாடிகளுக்கு மேலே வெள்ளிநிறப் பூச்சு மின்ன, நேற்றுத்தான் வேய்ந்ததுபோல் அது நிற்கும். மற்றது, சரிவில் சற்றுக் கீழே நீண்டு கிடக்கும் லயத்தின் கூரை. செம்மண்ணின் நிறமா, காய்ந்த இரத்தத்தின் நிறமா என்று சொல்ல இயலாத ஒரு நிறம் அதற்கு. காற்றில் பறந்துவிடாதிருக்கத் தூக்கி வைத்த கற்கள், பழைய ரயர்கள், ஓட்டை விழுந்த இடத்திலே செருகிய பொலித்தீன் தாள் ஆகியவையே அதன் அலங்காரங்கள்.

இரண்டும் இரும்பு. இரண்டின்மீதும் ஏதோ ஓர் ஆலையில் பூசப்பட்டது நாகம் என்ற ஒரே உலோகந்தான். இரண்டையும் நனைப்பது ஒரே தென்மேல் பருவமழை. போர்த்துவது ஒரே மூடுபனி. அவ்வாறாயின் ஒன்று மின்னுவதும் மற்றது மக்கிப் போவதும் எதனால்? உலோகவியல் இதற்குப் பாதி விடையைத்தான் தரும். மீதி விடை தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வாசிப்பதற்கு முன், இரும்பைத் துருவிலிருந்து காக்க மனிதன் கண்ட உபாயங்களின் வரலாற்றைச் சற்றுப் பார்த்துவிடுவது நல்லது. அவ்வரலாறு நம் அடுப்படியிலிருந்தே தொடங்குகிறது.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைக் கண்டிராத தலைமுறை இப்போது வளர்ந்துவிட்டது. துருத்தியும் கரியும் நவச்சாரமும் ஒரு துண்டு வெள்ளீயமுமே அவருடைய மூலதனம். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சினால் ஓர் இழுப்பு இழுத்தால் உட்புறம் முழுதும் வெள்ளி பூத்துவிடும். புளிக்குழம்பு அதன்பின் பித்தளையைத் தீண்டாது, களிம்பு ஏறாது. ஓர் உலோகத்தின்மேல் இன்னோர் உலோகத்தை மெல்லிய தோலாகப் போர்த்தி அதைக் காப்பது என்ற தத்துவம் முழுவதும் அந்த ஓர் இழுப்பில் அடங்கியிருக்கிறது.

நம்முடைய சைவ சித்தாந்திகளுக்கும் களிம்பு நன்கு தெரிந்த பொருளே. உயிரோடு உடன்பிறந்த ஆணவ மலத்தை விளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட உவமை, செம்பிலே களிம்பு. செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு என்பது அவர்கள் கருத்து. ஈயம் பூசுகிறவர் இந்தச் சித்தாந்தத்தைக் கற்றவரல்லர். ஆனால் களிம்பு செம்போடு பிறந்ததன்று, புளியும் காற்றும் ஈரமும் சேர்ந்து உண்டாக்குவது, ஆகவே தடுக்கக்கூடியது என்பதை அவருடைய கை அறிந்திருந்தது. துரு விஷயத்திலும் இதுவே உண்மை. யாழ்ப்பாணத்தார் அதைக் ‘கறள்’ என்பர். மலையகத்தில் அது துருதான். பெயர் எதுவாயினும் இரும்பு, நீர், ஒட்சிசன் என்ற மூன்றும் கூடினாலன்றி அது பிறப்பதில்லை. இம்மூன்றில் ஒன்றை விலக்கி வைக்கும் கலையே முலாம் பூசும் கலை.

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு இக்கலை யந்திரத்தோடு சேர்ந்தே வந்தது. தேயிலைக்கு முன் கோப்பி ஆண்ட காலத்தில், கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் யந்திரத்தின் உருளைக்குப் புள்ளி புள்ளியாக மேடெழுப்பிய செம்புத் தகட்டைப் போர்த்துவது வழக்கம். பழச்சாறு இரும்பைத் தின்னும், செம்பை எளிதில் தின்னாது என்பதே காரணம். 1854இல் கண்டியில் தொழில் தொடங்கிய ஜோன் வாக்கரின் பட்டறை இத்தகைய யந்திரங்களால்தான் பெயர் பெற்றது.

1869ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு விசித்திரமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் இலங்கைக் கோப்பி இலைகளின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் தூளாகப் படிந்த பூஞ்சண நோயை விஞ்ஞானிகள் இனங்கண்டு பெயரிட்டார்கள். அதற்கு மக்கள் வழங்கிய பெயரும் துருதான், இலைத் துரு. அடுத்த இருபது ஆண்டுகளில் அது கோப்பித் தோட்டங்களை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. அதே 1869இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சேர்ந்த ஐசக் அடம்ஸ் என்பவர் இரும்பின் துருவுக்கு எதிரான ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் வாணிப அளவிலே நடந்தேறிய நிக்கல் மின்முலாம். செடியின் துரு ஒரு தொழிலைக் கொன்ற காலமும், இரும்பின் துருவை வெல்ல ஒரு தொழில் பிறந்த காலமும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. ஆயினும் தேயிலையின் யந்திர யுகம் இந்தப் புதிய உலோகவியலின் கையைப் பிடித்துக்கொண்டே மலையேறியது என்பது தற்செயலன்று.

நிக்கல் என்ற பெயரே சுரங்கத் தொழிலாளர் வைத்த வசவு. ஜேர்மானியச் சுரங்கங்களில் செம்பைப் போலத் தோன்றி, உருக்கினால் செம்பு தராமல் ஏமாற்றிய தாதுக்கல்லைப் ‘பிசாசுச் செம்பு’ என்று அவர்கள் திட்டினார்கள். 1751இல் சுவீடன் நாட்டுக் குரோன்ஸ்டெட் அக்கல்லிலிருந்து புதிய உலோகமொன்றைப் பிரித்தெடுத்தபோது பிசாசின் பெயரே அதற்கு நிலைத்தது. 1843இல் ஜேர்மன் வேதியியலாளர் பொட்கர், நிக்கலும் அமோனியமும் சேர்ந்த சல்பேற்றுக் கரைசலில் மின்னைச் செலுத்தி நிக்கல் படிவிக்கலாம் என்று காட்டிவிட்டார். கால் நூற்றாண்டு கழித்து அடம்ஸ் அக்கரைசலைத் தூய்மையாக வைத்திருக்கும் வழியைச் சீர்ப்படுத்திக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கம்பனி பல ஆண்டுகள் மற்ற முலாம் பட்டறைகளை நீதிமன்றத்துக்கு இழுத்தது. அறிவு பலருடையது, உரிமை ஒருவருடையது என்ற கதை இத்துறையிலும் விலக்கின்றி நடந்திருக்கிறது.

செய்முறை சிக்கலானதன்று. முலாமிட வேண்டிய இரும்புப் பாகத்தைக் காரத்தில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவார்கள். அமிலத்தில் தோய்த்துத் துருவை அகற்றுவார்கள். பின் பச்சைநிற நிக்கல் உப்புக் கரைசலில் அதை எதிர்மின் முனையாகத் தொங்கவிடுவார்கள். நேர்மின் முனையில் தொங்கும் நிக்கல் கட்டி கரையக் கரைய, இரும்பின்மேல் நிக்கல் படியும். ஓர் அம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 1.1 கிராம் நிக்கல் படியும். ஒரு சதுர டெசிமீற்றர் பரப்புக்கு 25 மைக்ரோன் தடிப்புள்ள தோல் போர்த்த இரண்டு கிராமுக்குச் சற்று மேற்பட்ட உலோகம் போதும். 1916இல் அமெரிக்கரான ஒலிவர் வாட்ஸ் நிக்கல் சல்பேற்று, நிக்கல் குளோரைட்டு, போரிக் அமிலம் ஆகிய மூன்றும் கலந்த கரைசலை வகுத்தார். இன்றும் உலகெங்கும் முலாம் தொட்டிகளில் நிரம்பியிருப்பது பெரும்பாலும் அவர் வகுத்த கரைசலின் வழிவந்ததே. 1946இல் பிரென்னர், கிரேஸ் ரிடெல் என்ற இருவர் மின்சாரமே இல்லாமல், வேதித் தாக்கத்தினாலேயே நிக்கலைப் படிவிக்கும் முறையைக் கண்டார்கள். குழாயின் உட்புறம், பற்சக்கரத்தின் இடுக்கு என மின்னோட்டம் சீராக எட்டாத இடங்களிலும் ஒரே தடிப்பில் தோல் போர்த்த அது வழி செய்தது.

இங்கே ஒரு நுட்பத்தை விளங்கிக்கொள்வது அவசியம். கூரையின் கதைக்கு இது மீண்டும் தேவைப்படும். உலோகங்கள் எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. இலத்திரனை எளிதில் இழக்கும் வரிசையில் வைத்தால் நாகத்தின் நியம மின்முனை அழுத்தம் –0.76 வோற்று, இரும்பினுடையது –0.44, நிக்கலினுடையது –0.25. நிக்கல் இரும்பைவிட உயர்குலத்து உலோகம். ஆகவே அது இரும்பைக் காப்பது சுவர்போல நின்றுதான். சுவரில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் போதும்; ஈரம் புகுந்ததும் நிக்கல் தன் மானத்தைக் காத்துக்கொண்டு, அடியிலிருக்கும் இரும்பை முன்னிலும் விரைவாக அரிக்க விட்டுவிடும். நாகம் இதற்கு நேர்மாறு. அது இரும்பினும் கீழ்க்குலம். பூச்சில் கீறல் விழுந்தால் முதலில் தான் கரைந்து, அருகே வெளித்தெரியும் இரும்பைச் சிறிது தூரம்வரை காத்துக்கொண்டிருக்கும். கரைந்து முடியும்வரை காக்கும். முடிந்தபின் காக்க அங்கே எதுவுமில்லை. உயர்குலம், கீழ்க்குலம் என்பன உலோகவியலாளர் வழங்கும் சொற்களின் நிழல்தான். இந்த வேற்றுமையைப் படிக்கும்போது தோட்டத்தில் வளர்ந்தவருக்கு வேறு நினைவுகள் எழுந்தால் அதற்கு விஞ்ஞானம் பொறுப்பன்று.

அந்த மின்னும் தோலுக்கு உலோகம் எங்கிருந்து வந்தது? 1870களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகின் நிக்கலில் பெரும்பங்கு பசிபிக்கிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றமான நியூ கலிடோனியாவிலிருந்து வந்தது. கனக் என்னும் சுதேச மக்களின் நிலத்தில், பிரான்சிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும், 1890களிலிருந்து ஒப்பந்தத்தில் கட்டுண்ட ஜப்பானியர், வியட்நாமியர், ஜாவாக்காரரும் அந்தத் தாதுவை வெட்டினார்கள். அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ரீயூனியனிலிருந்து கொண்டு போகப்பட்ட இந்தியக் கூலிகளை அங்கும் ‘மலபார்’ என்றே அழைத்தார்கள். இலங்கையின் ஆங்கில அதிகாரிகள் நம் முன்னோருக்கு வழங்கிய பெயரும் அதுவேயென்பதை வாசகர் அறிவர்.

வெட்டியவர் மட்டுமன்று, பூசியவரும் விலை கொடுத்தார். முலாம் தொட்டியில் நாள் முழுதும் கைவிட்டு வேலை செய்தவர்களின் விரலிடுக்கிலும் முன்கையிலும் அரிப்போடு கூடிய புண்கள் தோன்றின. தொழிலாளர் அதற்கு ‘நிக்கல் சொறி’ என்று பெயரிட்டனர். பெர்லின் நகரத் தோல்நோய் மருத்துவரான அல்ஃப்ரெட் பிளாஷ்கோ 1889இல் இதைத் தொழில்நோயென விவரித்து எழுதினார். தோலுக்கு வந்த நோயைத் தொழிலாளியின் அசுத்தத்தில் தேடாமல் தொழிலில் தேடிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். நிக்கல் சேர்வைகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகாமை வகைப்படுத்தியது அதற்கு நூறாண்டு கழித்து, 1990இல். இரும்பின் தோலைக் காத்தவர்களின் தோலைக் காப்பதற்கான அறிவு எப்போதும் பிந்தியே நடந்து வந்திருக்கிறது.

புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. இடையிலிருந்த தலவாக்கலை ஒரே வீச்சில் உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்டது. கீழே இறங்கியது தேயிலை. மேலே ஏறியது இரும்பு. கொழுந்தை உருட்டும் ஜக்சன் யந்திரங்களும், பெல்பாஸ்ற் நகரில் 1881இல் சாமுவேல் டேவிட்சன் நிறுவிய ஆலையின் ‘சிரோக்கோ’ உலர்த்திகளும் தோட்டந்தோறும் நின்றன. நிக்கலும் ஏறிற்று, ஆனால் அது தொழிற்சாலையைவிடப் பங்களாவில்தான் முதலில் குடியேறியது. அந்தக் காலத்து விளக்கு, சைக்கிள், கடிகார உறை ஆகியவற்றின் பளபளப்பு நிக்கலுடையது. துரையின் மேசைமீது வீற்றிருந்த வெள்ளித் தேநீர்க் குடுவையும் உண்மையில் முழு வெள்ளியன்று. செம்பும் நாகமும் நிக்கலும் கலந்த மலிவான உலோகத்தின்மேல் மின்முலாமாக ஏற்றிய வெள்ளித் தோல் அது. பர்மிங்ஹாமின் எல்கிங்டன் குடும்பம் 1840இல் காப்புரிமை பெற்ற முறை. நடுத்தர வர்க்கம் பிரபுவாகத் தோன்றுவதற்கு உதவிய கண்டுபிடிப்புகளில் இதற்குத் தனியிடம் உண்டு.

தொழிலாளியின் கையிலும் ஒருநாள் நிக்கல் வந்து சேர்ந்தது. 1909இல் வெளிவந்த சதுர வடிவான ஐந்து சத நாணயம் செம்பும் நிக்கலும் கலந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் இயற்றப்பட்டு, 1929இல் உயர்மலைத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அந்தச் சதுர நாணயத்தில் எண்ணினால் ஆணுக்குப் பதினொன்று நிறையாது. பெண்ணுக்கு ஒன்பதும் நிறையாது.

ஆனால் தொழிற்சாலைக்குள்ளே உலோகத்தைப் பற்றிய கவலை வேறுவிதமானது. தேயிலைக்கு இரும்பு ஆகாது. பழைய ஏட்டுக் காலத்தவர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். கடுக்காயிலுள்ள துவர்ப்பும் அன்னபேதியிலுள்ள இரும்பும் கூடினால் கருமை பிறக்கும். தேயிலைக் கொழுந்திலும் அதே இனத்துத் துவர்ப்பு நிறைந்திருக்கிறது. நசுக்கிய கொழுந்தின் சாறு வெற்று இரும்பில் பட்டால் அங்கே மை பிறக்கும்; அந்த மை தேநீரின் நிறத்தைக் கறுப்பாக்கிச் சுவையையும் கெடுக்கும். லண்டன் ஏலத்தில் தேநீரைச் சுவைத்து விலை சொல்பவனின் நாக்குக்கு அது தப்பாது. எனவேதான் உருட்டும் மேசையின் பரப்பைப் பித்தளையால் வேய்ந்தார்கள். பிறை வடிவப் பித்தளைப் பட்டைகள் பதித்த அம்மேசையில், மேலிருந்து அழுத்தும் உருளையின் கீழ்க் கொழுந்து புரண்டு முறுக்கேறும். நாள்தோறும் வேலை முடிந்ததும் மேசையைக் கழுவித் தேய்ப்பது ஸ்டோர்த் தொழிலாளியின் கடமை. பச்சைச் சாறு காய்ந்து ஒட்டிவிட்டால் அடுத்த நாள் தேயிலை கெடும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். நிக்கல் முலாம் பூசிய இரும்பு மேசை ஏன் கூடாது? காரணத்தை மேலே சொன்ன நுட்பத்திலிருந்தே அறியலாம். முலாம் என்பது 20, 25 மைக்ரோன் தடிப்புள்ள தோல். மேசைமேல் நாள்தோறும் புரளுவதோ பல இறாத்தல் ஈரக் கொழுந்து. தேய்ந்து ஓரிடத்தில் துளை விழுந்தால் நிக்கல் காக்காது, அடியிலுள்ள இரும்பு மையாகக் கசியும். கெட்டிப் பித்தளையோ தேயத் தேய உள்ளேயும் பித்தளையே. ஆகவே நிக்கல் முலாம் தேய்மானம் குறைந்த, அளவு துல்லியமாக இருக்க வேண்டிய பாகங்களுக்கு உரியதாயிற்று; கொழுந்து புரளும் இடத்திற்கு உலோகம் முழுத் தடிப்போடு வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பித்தளையின் பல இடங்களைத் துருவேறா உருக்கு பிடித்தபோது நிக்கல் வேறு உருவில் திரும்பி வந்தது. அவ்வுருக்கில் பரவலாக வழங்கும் வகையில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். மேலே போர்த்திய தோலாக இருந்த நிக்கல் உடம்பிலேயே கலந்துவிட்டது.

தேயிலைக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்கள் தலவாக்கலையிலேயே இருந்தார்கள். 1925இல் சட்டமூலம் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் தன் ஆய்வுக்கூடங்களை அமைத்துக்கொண்டது. கொழுந்து செந்நிறமாக மாறுவதைத் தோட்டத்தில் புளித்தல் என்பர். அதை நடத்துவது நுண்ணுயிர் அன்று, இலைக்குள்ளேயே உள்ள ஒரு நொதி என்ற ஆராய்ச்சியில் அந்நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரீரங்காச்சாரின் கட்டுரைகள் 1939 முதல் 1943 வரை வெளிவந்தன. அந்த நொதியின் உயிர்நாடியாக அமைந்திருப்பது செம்பு. கோடிக்கணக்கான இலைகளுக்குள் அணுவணுவாகச் செம்பு வேலை செய்ய, அதைத் தாங்கும் மேசையிலும் செம்பு கலந்த பித்தளை. இரும்பு மட்டும் வெளியே நின்றது.

தேயிலை உருவானபின் அதைப் பொதிவதிலும் இதே அக்கறை. பலகைப் பெட்டியின் உட்புறம் ஈயத் தகடு வேய்ந்து, விளிம்புகளைப் பற்றவைத்து, ஈரக் காற்று புகாமல் அடைத்துக் கப்பலேற்றினார்கள். பின்னர் ஈயத்தின் இடத்தை அலுமினியத் தாள் பிடித்தது. அதன்பின் பெட்டியே போய்க் கடதாசிச் சாக்கு வந்தது. ஒரு இறாத்தல் தேயிலை மலையிலிருந்து லண்டன் போய்ச் சேரும்வரை ஒரு துளி ஈரமும் அதன்மீது படக்கூடாது என்பதற்காகச் செலவழிக்கப்பட்ட அறிவும் பணமும் மதிப்புக்குரியவை. அந்தத் தேயிலையைப் பறித்தவள் இரவில் எங்கே படுத்தாள் என்பதை இனிக் காண்போம்.

நெளிதகடு 1829இல் லண்டன் துறைமுகப் பொறியியலாளர் ஹென்றி பாமரின் காப்புரிமையாகப் பிறந்தது. இரும்பை உருகிய நாகத்தில் தோய்க்கும் முறையை 1837இல் பிரான்சில் சொரெல் உரிமையாக்கினார். இங்கிலாந்திலும் அதே ஆண்டில் வேறொருவர் உரிமை பெற்றார். இரண்டும் இணைந்தபோது குடியேற்ற ஆட்சியின் கூரை பிறந்தது. மெலிதானது, அடுக்கிக் கப்பலேற்றக் கூடியது, தச்சன் தேவையில்லாமல் ஆணி அறைந்தால் நிற்கக் கூடியது. மானாப்புல் வேய்ந்த பழைய லயங்களின்மேல் அது வந்து அமர்ந்தபோது தீயச்சமும் ஒழுக்கும் குறைந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள் வரிசையாக, பல இடங்களில் முதுகோடு முதுகொட்டி, ஒரே தகரக் கூரையின்கீழ். முன்னால் சிறிய இஸ்தோப்பு. அந்த ஒரு காம்பராவே சமையலறை, படுக்கையறை, பிரசவ அறை எல்லாம்.

நன்கு பூசிய நெளிதகட்டில் ஒரு சதுர மீற்றருக்கு இருபக்கமும் சேர்த்து 275 கிராம் அளவில் நாகம் இருக்கும். பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரோன். தலைமயிரின் தடிப்பில் மூன்றிலொரு பங்கும் இல்லை. மாசில்லாத நாட்டுப்புறக் காற்றில் ஆண்டுக்கு ஒரு மைக்ரோனை அண்மித்த அளவில் அது கரையும். ஆனால் லயத்துத் தகரத்துக்கு இரு முகங்கள். வெளிமுகத்தைத் தாக்குவது மழை. உள்முகத்தைத் தாக்குவது அடுப்பு. புகைபோக்கி இல்லாத காம்பராவில் ஈர விறகு எரிகிறது. விறகுப் புகையிலே அசற்றிக் அமிலம் முதலிய அமிலங்கள் உண்டு. மலைநாட்டு இரவின் குளிரில் தகரத்தின் அடிப்புறத்தில் ஆவி படிந்து துளியாகிறது. புகையின் அமிலம் அத்துளியில் கரைகிறது. நாகம் தாங்காத பொருள்களில் இவ்வமிலம் முதன்மையானது. மேலே மழையும் கீழே புகையுமாக இருபுறமும் நாகம் கரைந்து முடிய, ஆணித்துளையிலும் தகடுகள் ஒன்றன்மேலொன்று ஏறும் மடிப்பிலும் முதல் செம்புள்ளி தோன்றுகிறது. அதே புகையைப் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள் என்பது உலோகவியலின் எல்லைக்கு வெளியே உள்ள விஷயம்.

தொழிற்சாலைக் கூரைக்கும் இதே நாகம்தானே, அது ஏன் பிழைத்தது? அதன்மேல் ஆண்டுகள் சில கழியுமுன் மீண்டும் மீண்டும் பூச்சு ஏறியது. நாகத்தின்மேல் வண்ணப்பூச்சு இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று காத்து, தனித்தனி ஆயுளைக் கூட்டினால் வருவதைவிட நீண்ட காலம் நிற்கும் என்பது அத்துறையினர் எல்லோரும் அறிந்த செய்தி. இந்த இரகசியம் லயத்துக்கு மட்டும் தெரியாமற் போகவில்லை. தொழிற்சாலையின் கூரை ஒழுகினால் அன்றே தேயிலை நனையும். நனைந்த தேயிலையின் நட்டம் அந்த மாதக் கணக்கிலேயே விழும். லயத்தின் கூரை ஒழுகினால் நனைவது தொழிலாளியின் பாய். அது யாருடைய கணக்கிலும் விழுவதில்லை. ஒன்று மூலதனம்; மற்றது செலவு. மூலதனத்தைக் காக்க வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளில் எந்தக் கம்பனியின் புத்தகமும் அடங்கிவிடும்.

தகரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு தகரத்தை நினையாமலிருக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து புறப்பட்ட ஒவ்வொருவருக்கும், போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் குறியெழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. பெட்டிக்கு அடையாளம் ஒட்டுவதுபோல ஆளுக்கு அடையாளம் கட்டி, வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று அறிந்துகொண்டார்கள். வந்து சேர்ந்தபின் கடனைக் குறித்த ‘துண்டு’ அவரைத் தோட்டத்தோடு கட்டியது. அத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தகர வில்லையோடு வந்து, தகரக் கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்கு அக்கூரையில் ஓர் ஆணியும் சொந்தமாயிருக்கவில்லை. வேலை போனால் காம்பராவும் போகும் என்ற நிலையில், யார்தான் தன் கைக்காசில் பூச்சு வாங்கித் தகரத்துக்குப் பூசுவார்?

கேள்வி கேட்கக்கூடிய கைகள் சில காலம் இருந்தன. 1947 தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவர் பாராளுமன்றம் சென்றார்கள்; தலவாக்கலையின் உறுப்பினர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே வந்தது 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். அவர்களுக்கு வாக்களித்த மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்கில்லாத மக்களின் கூரையைப் பற்றி வாக்குத் தேடுவோர் கவலைப்பட வேண்டிய தேவையும் ஒழிந்தது. நாடற்ற நிலையின் கடைசி முடிச்சு அவிழ்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. இடையே 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கை மாறிய ஒவ்வொரு தடவையும் யந்திரங்கள் சொத்துப் பட்டியலில் முறையாக எண்ணப்பட்டன.

தலவாக்கலை நகரை ஒட்டி இன்று நிற்கும் மேல் கொத்மலை அணையும் இக்கதையில் சேரும். 2012இல் இயங்கத் தொடங்கிய அம்மின் நிலையத்தின் இரண்டு சுழலிகளும் சேர்ந்து 150 மெகாவாற்று மின்சாரம் தருகின்றன. மலைநீரின் வேகத்தையும் மணலையும் தாங்க வேண்டிய இத்தகைய சுழலிகளின் சக்கரங்களைப் பொதுவாக நூற்றுக்கு 13 பங்கு குரோமியமும் 4 பங்கு நிக்கலும் சேர்ந்த உருக்கில் வார்ப்பது வழக்கம். அணைக்காக இடம்பெயர்ந்த லயத்துக் குடும்பங்களுக்குக் கிடைத்தவை தனி வீடுகள். அவ்வாறே இந்திய உதவியில் கட்டப்பட்ட 4,000 வீடுகளும், அதன்பின் 2017இல் அறிவிக்கப்பட்ட 10,000 வீடுகளும் லயத்தை உடைக்கலாம் என்பதற்குச் சாட்சிகள். ஆனால் அவ்வீடுகளில் குடியேறியோர் சிலரே. மிகுதியானோர் இன்னமும் பழைய தகரத்தின் கீழேயே இருக்கிறார்கள்.

அங்கே முலாம் பூசும் தொழிலுக்கு ஒரு புது வடிவம் உண்டாகியிருக்கிறது. மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்து இளைஞர் இருவர் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறுகிறார்கள். துருப்பிடித்த தகட்டில் கால் வைத்தால் உடையும் என்பதால் மரச்சட்டம் ஓடும் இடமாகப் பார்த்து நடக்கிறார்கள். ஒரு பழைய டின்னில் தார் கொதிக்கிறது. கிழிந்த துணியைத் தாரில் தோய்த்து, ஆணித்துளை ஒவ்வொன்றின்மேலும் வைத்து அழுத்துகிறார்கள். பெரிய ஓட்டைக்கு வெட்டி விரித்த பிஸ்கட் டின் ஒன்று. அதன் உட்புறத்து வெள்ளீயப் பூச்சு ஆண்டுகள் கழிந்தும் வெயிலில் மின்னுகிறது. கீழே இஸ்தோப்பில் நிற்கும் கிழவி, அடுப்புக்கு நேர்மேலே உள்ள துளையை மறந்துவிடாதீர்கள் என்று மேலே பார்த்துச் சத்தமிடுகிறாள்.